ஆண்டனியின் இரங்கல் உரை: கூட்டத்தின் வாயால் பேசியவன்

ரோம் நகரின் பொது மன்றம். சீசரின் கொலைக்குத் தலைமை தாங்கிய புரூட்டஸ் இப்போதுதான் பேசி முடித்திருக்கிறான். மக்கள் முழுக்க அவன் பக்கம். "சீசர் ஒரு கொடுங்கோலன்" என்கிறான் ஒருவன். "அதில் என்ன சந்தேகம், ஒழிந்தது நம் பாக்கியம்" என்கிறான் அடுத்தவன். புரூட்டஸைப் பற்றி இங்கே தப்பாக எதுவும் பேசாமலிருப்பதுதான் அடுத்துப் பேச வருபவனுக்கு நல்லது என்று இன்னொருவன் முன்கூட்டியே எச்சரிக்கிறான். அந்தக் கூட்டத்தின் முன்னால் சீசரின் உடலோடு வந்து நிற்கிறான் சீசரின் நண்பன் மார்க் ஆண்டனி. அவன் பேசி முடிக்கும்போது அதே ஆட்கள் புரூட்டஸின் வீட்டைக் கொளுத்த ஓடுகிறார்கள். இடையில் படை எதுவும் வரவில்லை, காசு எதுவும் கைமாறவில்லை. ஒரு பேச்சு நடந்தது, அவ்வளவுதான்.

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி இது. "நண்பர்களே, ரோமர்களே, நாட்டவர்களே, கொஞ்சம் காது கொடுங்கள்" என்று தொடங்கும் அந்தப் பேச்சை நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மேடையில் ஒப்பித்து வருகிறார்கள். பெரும்பாலும் முதல் பகுதியோடு நின்றுவிடும். அதையும் முழங்கித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சின் பலம் முழக்கத்தில் இல்லை. ஆண்டனி தானாகச் சொல்வது கொஞ்சம். கூட்டத்தைச் சொல்லவைப்பது அதிகம். குற்றச்சாட்டு, தீர்ப்பு, தண்டனை எல்லாவற்றையும் மக்களே தங்கள் வாயால் சொல்கிறார்கள். அதை அவன் எப்படிச் செய்தான் என்று வரிவரியாகப் பார்ப்பது எனக்கு இன்றுவரை அலுக்காத வேலை.

அவனுக்கு வேறு வழியும் இல்லை. முந்தைய காட்சியிலேயே அவன் நாக்கைக் கட்டிவிட்டார்கள். சீசரின் இறுதிச் சடங்கில் பேச ஆண்டனி அனுமதி கேட்கிறான். புரூட்டஸ் உடனே சரி என்கிறான். சதியில் கூட்டாளியான காசியஸ் பதறிப்போய் அவனைத் தனியே இழுத்து, "என்ன செய்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை, அவனைப் பேச விடாதே" என்று கெஞ்சுகிறான். புரூட்டஸ் கேட்கவில்லை. சில நிபந்தனைகள் போட்டால் போதும் என்று நினைக்கிறான். எங்களைக் குறை சொல்லக் கூடாது. சீசரைப் பற்றி நல்லது எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொள். எங்கள் அனுமதியோடு பேசுவதாகச் சொல்லிவிடு. நான் பேசும் அதே மேடையில், நான் பேசி முடித்த பிறகு பேசு.

பட்டிமன்றம் பார்த்துப் பழகியவர்களுக்குக் கடைசியாகப் பேசுபவருக்குள்ள வசதி என்னவென்று தெரியும். புரூட்டஸ் அந்த வசதியை எதிராளிக்குத் தானாகவே தூக்கிக் கொடுக்கிறான். அதைவிடப் பெரிய தவறு அடுத்தது: தான் பேசி முடித்ததும் மக்களை இருந்து கேட்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போய்விடுகிறான். ஆண்டனி சொல்லும் ஒரு சொல்லைக்கூட மறுக்க அங்கே ஆள் இல்லை.

நடந்த வரலாறு கொஞ்சம் வேறு. கி.மு. 44 மார்ச் 15 அன்று, ரோமப் படைத்தலைவர் பாம்பேயின் பெயரால் அமைந்த மண்டபத்தில் செனட் கூடியபோது சீசர் குத்திக் கொல்லப்பட்டார். உடலில் 23 காயங்கள் இருந்ததாக ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். இறுதிச் சடங்கு அடுத்த நாளே நடக்கவில்லை, சில நாள் கழித்துத்தான் நடந்தது. புரூட்டஸ் மக்களிடம் பேசியதும் ஆண்டனி பேசியதும் வெவ்வேறு நாட்களில். ஷேக்ஸ்பியர் இரண்டையும் ஒரே மேடையில், ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டவைத்துவிட்டார்.

இறந்தவரின் உடலை மன்றத்துக்குக் கொண்டுவந்து, பொது மேடையில் ஏறி அவர் பெருமையையும் குடும்பத்தின் பெருமையையும் பேசுவது ரோமில் மேல்தட்டுக் குடும்பங்களின் பழைய வழக்கம். மகனோ நெருங்கிய உறவினரோ பேசுவார். முன்னோரின் முகமூடிகளை அணிந்த ஆட்கள் ஊர்வலத்தில் வருவார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரித்திருக்கிறார். இந்த மேடையை அரசியலுக்குப் பயன்படுத்த ஆண்டனிக்கு வழிகாட்டி சீசரேதான் என்று சொல்லலாம். கி.மு. 69-இல் அத்தை ஜூலியா இறந்தபோது இளைஞரான சீசர் இரங்கல் உரை ஆற்றினார். அந்த அத்தை படைத்தலைவர் மாரியஸின் மனைவி. மாரியஸ் எதிரிகளால் தேசவிரோதி என்று அறிவிக்கப்பட்டவர். அவர் உருவத்தைப் பொது இடத்தில் காட்டப் பல ஆண்டுகளாக யாருக்கும் துணிவில்லை. சீசர் அதை அந்த ஊர்வலத்தில் தூக்கிவந்தார். மக்கள் கைதட்டினார்கள்.

சரி, உண்மையான ஆண்டனி என்னதான் பேசினான்? பழைய எழுத்தாளர்கள் ஒத்துப்போகவில்லை. செனட்டின் தீர்மானங்களை ஒருவரை விட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு நாலு வார்த்தை மட்டும் சேர்த்துக்கொண்டான் என்கிறார் சூட்டோனியஸ். பிற்கால வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியதில் அது பெரிய நாடகமாகவே இருக்கிறது: காயங்களோடு கூடிய சீசரின் மெழுகு உருவத்தை உயரத் தூக்கிச் சுழற்றிக் காட்டினார்களாம். அந்தப் பாராட்டுப் பேச்சு உன்னுடையது, அந்தத் தீப்பந்தங்களைக் கொளுத்தியதும் நீதான் என்று அதே ஆண்டிலேயே ஆண்டனியைச் சாடி எழுதினார் ரோமப் பேச்சாளர் சிசரோ. ஆக, பேச்சு வேலை செய்தது உறுதி. சொற்கள் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஷேக்ஸ்பியரின் கையில் இருந்தது கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகள், 1579-இல் தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அதில் இரத்தம் தோய்ந்த அங்கியை ஆண்டனி விரித்துக் காட்டியது இருக்கிறது, உயில் இருக்கிறது, ஆண்டனியைப் பேச விட்டது புரூட்டஸின் இரண்டாவது தவறு என்ற குறிப்பும் இருக்கிறது. முதல் தவறு, சீசரோடு சேர்த்து ஆண்டனியையும் கொல்லாமல் விட்டது. கூடவே ஒரு சின்னத் தகவல்: புரூட்டஸ் கிரேக்க மொழியில் எழுதிய கடிதங்கள் ஸ்பார்ட்டாக்காரர் பாணியில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்குமாம், ஆண்டனியின் பேச்சு ஆசியப் பாணி எனப்பட்ட ஆடம்பர நடையாம். இந்த ஒரு வரித் தகவலிலிருந்து ஷேக்ஸ்பியர் இரண்டு முழு மனிதர்களை எழுப்பிவிட்டார். புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான். ஆண்டனி செய்யுளில்.

புரூட்டஸின் பேச்சை மட்டம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது நல்ல பேச்சு. "சீசரை நான் குறைவாக நேசித்ததால் அல்ல, ரோமை அதிகமாக நேசித்ததால்" என்ற வாக்கியம் தராசு போல நிற்கிறது. சீசர் வீரர், மதிக்கிறேன். அதிகார ஆசை கொண்டவர், கொன்றேன். அப்புறம் கேள்விகள்: அடிமையாக இருக்க விரும்பும் கீழ்மகன் யாராவது இங்கே இருக்கிறானா? இருந்தால் சொல்லட்டும், அவனுக்குத்தான் நான் குற்றம் செய்தேன். பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று நிறுத்துகிறான். யார் வாய் திறப்பார்கள்? "யாரும் இல்லை" என்கிறது கூட்டம்.

கேட்டவர்களை மூலையில் தள்ளிப் பெற்ற சம்மதம் அது. அதிகார ஆசைக்கு ஆதாரம் என்று ஒரே ஒரு நிகழ்ச்சியைக்கூட அவன் சொல்லவில்லை. தன் நேர்மையைத்தான் அடமானம் வைக்கிறான்: "என் மானத்தின் பேரில் நம்புங்கள்." மக்களும் நம்புகிறார்கள். எவ்வளவு நம்புகிறார்கள் என்றால், "புரூட்டஸே சீசர் ஆகட்டும்" என்று ஒருவன் கத்துகிறான். இந்த நாடகத்தில் என்னை மிகவும் உலுக்கும் வரி இதுதான். ஒற்றை ஆள் ஆட்சி வேண்டாம் என்பதற்காக நண்பனையே கொன்றவனிடம், நீயே அந்த ஒற்றை ஆளாக இரு என்கிறார்கள். அவன் சொன்னதில் ஒன்றும் அவர்கள் மனத்தில் இறங்கவில்லை. ஆண்டனி அதை உடனே புரிந்துகொண்டிருக்க வேண்டும். இவர்களுக்கு வேண்டியது கொள்கை இல்லை, ஒரு மனிதர்.

"சீசரைப் புதைக்க வந்தேன், புகழ வரவில்லை" என்று ஆண்டனி தொடங்கும்போது கூட்டம் பகையாக நிற்கிறது. அதனால் அவர்களோடு சேர்ந்தே நடக்கத் தொடங்குகிறான். சீசருக்கு அதிகார ஆசை என்று புரூட்டஸ் சொன்னார். அப்படி இருந்தால் அது பெரிய குற்றம்தான், அதற்குப் பெரிய விலையும் சீசர் கொடுத்துவிட்டார். அந்த "அப்படி இருந்தால்" வாழைப்பழத்தில் ஏற்றிய ஊசி. அடுத்த வரியில் அந்தப் புகழ்பெற்ற சொல் வருகிறது: "ஏனென்றால் புரூட்டஸ் மாண்புமிக்கவர்." ஆங்கில மூலத்தில் உள்ள சொல், நம் சட்டமன்றத்தில் அமைச்சர் பெயருக்கு முன்னால் நாம் போடும் 'மாண்புமிகு' என்பதற்கு நேரானது. புரூட்டஸ் தன் பேச்சில் அடமானம் வைத்ததும் அதே மானம்தான். ஆண்டனி அதைக் கையிலெடுத்து ஒவ்வொரு உண்மைக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்கிறான்.

போர்க் கைதிகளை மீட்கக் கிடைத்த பணத்தை சீசர் பொதுக் கருவூலத்தில்தான் சேர்த்தார். இது அதிகார ஆசையா? புரூட்டஸ் அப்படிச் சொல்கிறார், புரூட்டஸ் மாண்புமிக்கவர். ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதார். புரூட்டஸ் மாண்புமிக்கவர். லூப்பர்கல் திருவிழாவில் நானே மூன்று முறை மணிமுடியை நீட்டினேன், மூன்று முறையும் மறுத்தார். நிச்சயமாக புரூட்டஸ் மாண்புமிக்கவர். நிபந்தனையை அவன் மீறவே இல்லை. குறை எதுவும் சொல்லவில்லை, புகழத்தான் செய்கிறான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது போல, திரும்பத் திரும்ப வரும்போது அந்தச் சொல் தன் பொருளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. கடைசியில் "மாண்புமிக்கவர்களா! துரோகிகள்!" என்று கத்துவது ஆண்டனி இல்லை. கூட்டத்தில் நிற்கும் ஒரு குடிமகன்.

அந்த முடி மறுப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் அங்கத்தில் இதே நிகழ்ச்சியை சதிகாரர்களில் ஒருவனான காஸ்கா விவரித்திருக்கிறான். மூன்று முறை மறுத்தது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் தயக்கம் கூடிக்கொண்டே போனது, விரல்களை எடுக்கவே மனமில்லை என்கிறான். நாடகம் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். அந்த மறுப்பே ஒரு காட்சிதானோ என்ற ஐயம் நமக்குள் இருக்கிறது. முடியை நீட்டிய ஆளே இப்போது வந்து அதற்குச் சாட்சி சொல்கிறான். மன்றத்தில் நிற்பவர்கள் யாரும் காஸ்கா சொன்னதைக் கேட்கவில்லை; அவர்கள் கண்ணால் பார்த்தது மறுப்பை மட்டும்தான்.

அப்புறம் அவன் பேச்சை நிறுத்துகிறான். "என் இதயம் அதோ சீசரோடு பெட்டியில் கிடக்கிறது, அது திரும்பி வரும்வரை பொறுங்கள்." புரூட்டஸும் நிறுத்தினான், பதில் வாங்குவதற்காக. ஆண்டனி நிறுத்துவது மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக. அந்த இடைவெளியில்தான் மாற்றம் நடக்கிறது. "இவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது." "முடி வேண்டாம் என்றாரே, அப்படியென்றால் ஆசை இல்லை என்றுதானே அர்த்தம்." "பாவம், அழுதழுது கண் நெருப்பாகச் சிவந்திருக்கிறது." சீசருக்கு ஆசை இல்லை என்ற முடிவை ஆண்டனி சொல்லவே இல்லை. அவர்களே கண்டுபிடித்தார்கள். நாமே கண்டுபிடித்ததை நாம் அவ்வளவு சீக்கிரம் சந்தேகப்பட மாட்டோம்.

உயிலும் இதே கதைதான். சீசரின் அறையில் கிடைத்தது என்று முத்திரையிட்ட தாளைக் காட்டுகிறான். உடனே வாசிக்கமாட்டேன் என்கிறான். சீசர் உங்களை எவ்வளவு நேசித்தார் என்று தெரிந்தால் தாங்கமாட்டீர்கள். நீங்கள் மரம் இல்லை, கல் இல்லை, மனிதர்கள். சொல்லமாட்டேன் என்று சொல்லியே சொல்வது. வாசி, வாசி என்று அவர்கள் கத்த வேண்டும், கத்துகிறார்கள். அப்படியானால் என்னைக் கட்டாயப்படுத்துகிறீர்களா, சரி, கீழே இறங்கிவர அனுமதி தருகிறீர்களா என்று கேட்கிறான். பேச அனுமதி கொடுத்தது புரூட்டஸ். இப்போது அனுமதி கொடுப்பது மக்கள்.

மேடையிலிருந்து இறங்கி உடலைச் சுற்றி எல்லாரையும் வட்டமாக நிற்கச் சொல்கிறான். அங்கியைக் கையில் எடுக்கிறான். "கண்ணீர் இருந்தால் இப்போது சிந்தத் தயாராகுங்கள். இந்த அங்கி உங்கள் எல்லாருக்கும் தெரியும். சீசர் இதை முதன்முதலில் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கோடைக்கால மாலை, கூடாரத்தில், நெர்வியரை வென்ற நாள்." சாவைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு கோடை மாலை எதற்கு? ஒரு துணியை ஒரு மனிதர் முதல்முறை போட்டுக்கொள்ளும் சாதாரண நிமிடம் கண்முன் வருகிறது. அவ்வளவு நேரம் 'சீசர்' என்பது ஒரு பெயர். இப்போது தோள், கை, கழுத்து உள்ள ஓர் ஆள். உடனே கிழிசல்கள்: இங்கே காசியஸின் கத்தி பாய்ந்தது, இது பொறாமை பிடித்த காஸ்கா போட்ட கிழிசல், இதன் வழியாகத்தான் சீசரின் அன்புக்குரிய புரூட்டஸ் குத்தினான். கத்தியை உருவியபோது இரத்தம் பின்னாலேயே ஓடி வந்ததைப் பாருங்கள். கதவைத் தட்டியது புரூட்டஸ்தானா என்று பார்க்க வாசலுக்கு ஓடி வருவது போல.

இதில் எதுவும் ஆண்டனிக்குத் தெரிந்திருக்க முடியாது. கொலை நடந்தபோது அவன் அங்கே இல்லை. ட்ரெபோனியஸ் அவனைப் பேச்சுக்கொடுத்து வெளியே அழைத்துப்போய்விட்டான் என்று நாடகமே காட்டுகிறது. எந்தக் கிழிசல் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. நெர்வியரோடு நடந்த போரும் கி.மு. 57-இல், உண்மையான ஆண்டனி அப்போது சீசரின் படையில் சேர்ந்திருக்கவே இல்லை. ஷேக்ஸ்பியர் அந்தத் தேதியைக் கவனித்தாரோ இல்லையோ, கிழிசல்களின் விஷயத்தில் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். நானும் எத்தனை முறை படித்தாலும் அந்தக் கிழிசலைக் கண்ணால் பார்க்கிறேன். பொய் என்று தெரிந்தும் தொண்டை அடைக்கிறது.

ஏனென்றால் அழுகை பொய் இல்லை. முந்தைய காட்சியில், கொலையாளிகள் போன பிறகு தனியாக நின்று, இந்தக் கசாப்புக்காரர்களிடம் பணிவாக நடந்துகொண்டதற்கு மன்னித்துவிடு என்று சீசரின் உடலிடம் அவன் பேசுகிறான். கேட்க அங்கே யாரும் இல்லை, நடிக்கவும் தேவையில்லை. அதே மூச்சில் இத்தாலி முழுக்க உள்நாட்டுப் போர் வெடிக்கும் என்று சபிக்கிறான். மன்றத்தில் பேசி மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேதி சொல்கிறேன் என்று சீசரின் வாரிசான ஆக்டேவியஸின் ஆளிடமும் கணக்காகச் சொல்லிவைக்கிறான். துக்கமும் கணக்கும் ஒரே ஆளிடம், ஒரே நாளில். அவனை வெறும் ஏமாற்றுக்காரன் என்று நடிக்கும் நடிகர்கள் இந்தப் பேச்சைக் கெடுத்துவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

"நான் புரூட்டஸைப் போலப் பேச்சாளன் இல்லை, வெள்ளந்தியான ஆள், உங்களுக்கே தெரிந்ததைத்தான் சொல்கிறேன்" என்று அவன் சொல்லும்போது கூட்டம் கொதித்துக் கிளம்பிவிடுகிறது. உயில் அவர்களுக்கு மறந்தே போய்விட்டது. அவனேதான் கூப்பிட்டு நினைவுபடுத்துகிறான். ரோமக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் 75 திராக்மா. டைபர் ஆற்றங்கரையில் சீசருடைய தோட்டங்கள் எல்லாருக்கும் பொது. கோபத்துக்கு மேல் நன்றிக்கடனும் ஏறியாயிற்று. அவர்கள் ஓடியதும் ஆண்டனி தனியே நின்று சொல்கிறான்: "இனி அது வேலை செய்யட்டும்."

1599 செப்டம்பர் 21 அன்று தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி லண்டனில் தேம்ஸ் நதியைக் கடந்துபோய், கூரை வேய்ந்த அரங்கில் ஜூலியஸ் சீசர் நாடகம் பார்த்ததாகக் குறித்திருக்கிறார். அது குளோப் அரங்காகத்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சுமார் 15 பாத்திரங்கள் என்கிறார் அவர். அச்சுப் பிரதியில் பேசும் குடிமக்கள் நான்கே பேர். நாலு பேரை வைத்து ரோம் நகரத்து மக்கள் கடலை எப்படிக் காட்டுவது? மேடையின் மூன்று பக்கமும் ஒரு பென்னி கொடுத்து நின்று பார்க்கும் ஜனங்கள் இருந்தார்கள். ஆண்டனி "ரோமர்களே" என்று அழைத்தது அவர்களைத்தான். அவன் இறங்கி வந்தபோது அவர்களை நோக்கித்தான் இறங்கினான். எலிசபெத் அரசிக்குப் பிள்ளை இல்லை, அடுத்து யார் என்று வெளிப்படையாகப் பேசுவதே குற்றம். அப்படிப்பட்ட ஊரில், ஆள்பவர் செத்தால் தெருவில் என்ன நடக்கும் என்ற பயம் அந்த ஜனங்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

தெருவில் நடப்பதை அடுத்த காட்சியே காட்டுகிறது, மிகச் சின்னக் காட்சி. சின்னா என்ற கவிஞன் சீசரின் இறுதிச் சடங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறான். கூட்டம் மறித்து, பெயர் என்ன, எங்கே போகிறாய், கல்யாணம் ஆனவனா என்று மாறிமாறிக் கேட்கிறது. பெயர் சின்னா என்றதும், சதிகாரர்களில் ஒருவன் பெயரும் அதுதான் என்று கிழிக்கப் பாய்கிறார்கள். "நான் கவிஞன் சின்னா, கவிஞன் சின்னா" என்று கதறுகிறான். "அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழி" என்கிறான் ஒருவன். பல காலம் நாடகக் குழுக்கள் இந்தக் காட்சியை வெட்டிவிட்டே நடித்தன. 1937-இல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் இதைச் சர்வாதிகாரிகள் கால உடையில் மேடையேற்றியபோது, பார்த்தவர்களை அதிகம் நடுங்கவைத்தது இந்தக் காட்சிதான். ஐரோப்பாவின் செய்திகளை அன்றாடம் படித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

அதற்கும் அடுத்த காட்சி. ரோமின் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்ட ஆண்டனி, ஆக்டேவியஸ், லெபிடஸ் மூவரும் உட்கார்ந்து யார் யாரைக் கொல்வது என்று பட்டியலில் புள்ளி வைக்கிறார்கள். லெபிடஸ் தன் சகோதரனை விட்டுக்கொடுக்கிறான். ஆண்டனி தன் சகோதரி மகன் பெயரில் தானே புள்ளி வைக்கிறான். அப்புறம் லெபிடஸைப் பார்த்து, சீசரின் வீட்டுக்குப் போய் அந்த உயிலை எடுத்துவா என்கிறான். அதில் மக்களுக்கென்று எழுதியிருக்கும் தொகையில் எதையெல்லாம் குறைக்கலாம் என்று பார்க்க வேண்டுமாம்.